‘இஸ்’ எங்கே, ‘ஆர்’ எங்கே? பல பொருள்களை அடுக்கி ஆங்கிலம் எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

சுங்கை சிப்புட்டில் என் வீட்டு முன்கூடத்தில் மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் எஸ்.பி.எம். என்னும் மலேசியப் பள்ளியிறுதித் தேர்வை எழுதப்போகும் ஐந்தாம் படிவ மாணவர்கள். மற்றவர்கள் பள்ளியை முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போடுகிறவர்கள். செம்பனைத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேருகிறவர்கள். சென்ற மாதம் ஒரு பெண் தன் விண்ணப்பக் கடிதத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அழகான கையெழுத்து. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. கடைசிப் பத்தியில் இப்படி ஒரு வரி இருந்தது:

“என்க்ளோஸ்ட் இஸ் மை எஸ்.பி.எம். சர்டிபிகேட், டூ ஃபோட்டோகிராஃப்ஸ் அண்ட் எ காப்பி ஆஃப் மை ஐ.சி.”

நான் ‘இஸ்’ஸின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

“இதில் என்ன தவறு, ஐயா?” என்று கேட்டாள்.

“இதையே தமிழில் சொல்லம்மா” என்றேன்.

“இத்துடன் என் சான்றிதழ், இரண்டு புகைப்படங்கள், அடையாள அட்டை நகல் இணைக்கப்பட்டுள்ளது.”

தவறு பிறந்த இடம் அந்தத் தமிழ் வரியிலேயே தெரிந்துவிட்டது. முறையாகப் பார்த்தால் ‘இணைக்கப்பட்டுள்ளன’ என்றுதான் முடித்திருக்க வேண்டும். ஆனால் நாம் அப்படி முடிப்பதில்லை. மூன்று பொருளை அடுக்கினாலும் முப்பது பொருளை அடுக்கினாலும் ‘உள்ளது’, ‘இருக்கிறது’ என்றே முடித்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்குள் நுழைந்து ‘இஸ்’ஸாக உட்கார்ந்துகொள்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன் நான். ஸ்டோர் கணக்கு முழுவதும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாதக் கடைசி இருப்பு அறிக்கையில் “டூ வீல்பேரோஸ் அண்ட் எ ஸ்ப்ரேயர் இஸ் மிஸ்ஸிங்” என்று எழுதினேன். நிர்வாகி சிவப்பு மையால் ‘இஸ்’ஸை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு அப்போது துணிவில்லை. ‘ஆர்’ என்று மாற்றிக் கொடுத்தேன். அடுத்த மாதம் வேறொரு வரியில் ‘ஆர்’ போட்டு, அதற்கும் வட்டம் வாங்கினேன். காரணம் தெரியாமல் திருத்திக்கொள்வது எவ்வளவு பெரிய வேதனை என்பதை அறிந்தவன் என்பதால்தான் இதைக் காரணத்தோடு எழுதுகிறேன்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கண்ணால் தாண்டிப் போய்விடாமல், ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். இந்த வகைத் தவற்றைக் கண்ணைவிடக் காதுதான் விரைவில் பிடிக்கும்.

மூன்று மொழி, மூன்று வழக்கம்

நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரே நாளில் மூன்று மொழி பேசுகிறார்கள். மலாயில் வினை யாருக்காகவும் மாறுவதில்லை. “அடா செபுவா மேஜா” என்றாலும், “அடா செபுவா மேஜா டான் எம்பாட் கெருசி” என்றாலும் அதே ‘அடா’தான். ஒரு மேசைக்கும் அதுதான். மேசையோடு நான்கு நாற்காலி சேர்ந்தாலும் அதுதான்.

தமிழில் வினை மாறும். ஆனால் ஆட்கள் விஷயத்தில் காட்டும் கண்டிப்பைப் பொருள்கள் விஷயத்தில் நாம் காட்டுவதில்லை. “அக்காவும் தம்பியும் வந்தான்” என்று மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. “மேசையும் நாற்காலியும் வந்தது” என்று படித்தவர்களே சொல்கிறோம். நன்னூல் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்று ஒரு வகையைச் சொல்கிறது. ‘மாடு’ என்ற சொல் ஒன்றையும் குறிக்கும், பலவற்றையும் குறிக்கும். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என்று வினைதான் எண்ணிக்கையைக் காட்டும். ஆங்கிலத்தில் ‘ஷீப்’ இதே போன்ற சொல்: “தி ஷீப் இஸ் ஹியர்”, “தி ஷீப் ஆர் ஹியர்”. ஆக, வினையைக் கொண்டு எண்ணிக்கையைக் காட்டும் அறிவு நம் மொழிக்குப் புதியதே அல்ல. பேச்சில் அதைக் கைவிட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

ஆங்கிலம் உயர்திணை, அஃறிணை பார்ப்பதில்லை. வாளியானாலும் வாத்தியாரானாலும் ஒன்றென்றால் ஒருமை, பலவென்றால் பன்மை. ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் பயிற்சி இது: ஆங்கிலத்தில் பொருள்களை அடுக்கும்போது அவற்றை ஆட்களாக நினைத்துக்கொள்ளுங்கள். மேசையும் நாற்காலியும் கதவைத் திறந்துகொண்டு வருவதாக வைத்துக்கொண்டால், உங்கள் தமிழ்க் காதே ‘வந்தார்கள்’ என்று கேட்கும். அப்புறம் ‘இஸ்’ வாயில் வராது.

‘எஸ்’ யாரிடம் இருக்கிறது?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பெயரோடு ‘எஸ்’ சேர்ந்தால் பெரும்பாலும் பன்மை. வினையோடு ‘எஸ்’ சேர்ந்தால் ஒருமை. “தி ஒர்க்கர் லிவ்ஸ் ஹியர்”, “தி ஒர்க்கர்ஸ் லிவ் ஹியர்.” ஒரே ஒரு ‘எஸ்’ இருப்பதாகவும், அதை எழுவாய்க்கோ வினைக்கோ யாராவது ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஹேஸ்’, ‘டஸ்’ நான்கும் அந்த ஓசையில் முடிவதைக் கவனியுங்கள். நான்கும் ஒருமை. ‘ஆர்’, ‘வேர்’, ‘ஹேவ்’, ‘டூ’ நான்கும் பன்மை. ‘ஐ’, ‘யூ’ இரண்டுக்கும் கணக்கு வேறு. பொருள்களை அடுக்கும் வாக்கியத்தில் அவை குறுக்கே வருவது அரிது.

வினையிலிருந்து தொடங்கி எழுவாயைத் தேடுங்கள்

வாக்கியத்தை முன்னாலிருந்து படித்தால் பட்டியல் உங்களை ஏமாற்றும். வினையை வட்டமிட்டுக்கொண்டு, ‘எது?’ அல்லது ‘யார்?’ என்று கேளுங்கள். பதிலாக வருவதுதான் எழுவாய்.

“தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ், அட்ரெஸ்ஸஸ் அண்ட் ஃபோன் நம்பர்ஸ் இஸ் ஆன் தி போர்ட்.” பலகையில் இருப்பது எது? பட்டியல். ஒரே தாள். பெயர்கள், முகவரிகள், தொலைபேசி எண்கள் எல்லாம் ‘ஆஃப்’புக்குப் பின்னால் நிற்கின்றன. ‘ஆஃப்’புக்கு முன்னால் நிற்கும் சொல்லுக்குத்தான் வினையின்மேல் உரிமை. என் மாணவர்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். வினைக்கு ஒட்டினாற்போல் ‘நம்பர்ஸ்’ என்று ஒரு பன்மை நிற்கிறது. கை தானாக ‘ஆர்’ என்று எழுதிவிடுகிறது.

ஸ்டோரில் இது நாள்தோறும் வரும் வாக்கியம். உர மூட்டைகள் வந்து இறங்கினால், “ட்வென்ட்டி பேக்ஸ் ஆஃப் ஃபெர்ட்டிலைசர் ஆர் இன் தி ஸ்டோர்.” எழுவாய் மூட்டைகள். ஒரு பெட்டி நிறையக் கையுறைகள் வந்தால், “எ பாக்ஸ் ஆஃப் க்ளவ்ஸ் இஸ் இன் தி ஸ்டோர்.” எழுவாய் பெட்டி. உள்ளே நூறு கையுறை இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, தெரிந்துகொள்ளாவிட்டால் குழப்பும். ‘எ நம்பர் ஆஃப்’ என்றால் ‘பல’ என்று பொருள். “எ நம்பர் ஆஃப் ட்ரீஸ் ஆர் டெட்” என்றால் பல மரங்கள் பட்டுப்போயின. ‘தி நம்பர் ஆஃப்’ என்றால் எண்ணிக்கை என்னும் ஒரே பொருள். “தி நம்பர் ஆஃப் டெட் ட்ரீஸ் இஸ் ஸ்மால்.” முன்னால் இருப்பது ‘எ’யா ‘தி’யா என்று பாருங்கள். ‘எ லாட் ஆஃப்’பிலும் ‘ஆஃப்’புக்குப் பின்னால் இருப்பதைத்தான் எண்ண வேண்டும்.

‘அண்ட்’ என்றால் ‘உம்’

நம் இலக்கணத்தில் எண்ணும்மை என்று ஒன்று உண்டு. ‘அப்பாவும் அம்மாவும்’ என்பதில் வரும் அந்த ‘உம்’. ஆங்கில ‘அண்ட்’ அதேதான். இரண்டு பொருளை ‘அண்ட்’ சேர்த்தால் பன்மை. “எ சிக்கிள் அண்ட் எ ரோப் ஆர் பிஹைண்ட் தி டோர்.” அரிவாள் ஒன்று, கயிறு ஒன்று, சேர்ந்தால் இரண்டு. எண்ண முடியாத பொருள்களும் இப்படித்தான். அரிசியை எண்ண முடியாது. சீனியையும் எண்ண முடியாது. இரண்டையும் சேர்த்தால், “ரைஸ் அண்ட் ஷுகர் ஆர் ஆன் தி டாப் ஷெல்ஃப்.” அரிசி ஒரு வகை, சீனி ஒரு வகை, ஆக இரண்டு வகை.

பேசப்படும் பொருள் உண்மையில் ஒன்றே என்றால் மட்டும் ‘அண்ட்’ இருந்தும் ஒருமை வரும். காலையில் பசியாறப் போகிறீர்கள். ஒரே தட்டில் ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் வருகின்றன. “ரொட்டி சானாய் அண்ட் டால் இஸ் மை யூஷுவல் பிரேக்ஃபாஸ்ட்.” அது ஒரே உணவு. அதே கடையில் சற்றுத் தாமதமாகப் போனால் கடைக்காரர், “ரொட்டி சானாய் அண்ட் நாசி லெமாக் ஆர் ஃபினிஷ்ட்” என்று சொல்ல நேரலாம். அங்கே இரண்டு தனித்தனி உணவு. ஒரே தட்டா, தனித்தனித் தட்டா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

ஆட்களிலும் இந்த வேறுபாடு உண்டு. கோயில் நிர்வாகக் குழுவின் கடிதங்களை எழுதிக்கொடுக்கும்போது இதை நான் மிகவும் கவனிப்பேன். “தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர் இஸ் ஆன் லீவ்” என்றால் செயலாளர், பொருளாளர் என்ற இரு பொறுப்பையும் ஒருவரே வகிக்கிறார். “தி செக்ரட்டரி அண்ட் தி ட்ரெஷரர் ஆர் ஆன் லீவ்” என்றால் இரண்டு பேர். இரண்டாவது ‘தி’ ஒரு தனி ஆளையே கூட்டிவருகிறது. கடிதத்தைப் படிக்கும் அதிகாரிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி இங்கே எழும். சின்னச் சொல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

‘ஈச்’, ‘எவ்ரி’ இரண்டும் பட்டியலுக்கு முன்னால் வந்துவிட்டால், எத்தனை பொருள் வந்தாலும் ஒருமைதான். “எவ்ரி மண்டோர் அண்ட் எவ்ரி கிளார்க் ஹேஸ் எ கீ.” மண்டோர் என்பவர் தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணி. ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிறுத்திப் பேசுகிறோம்.

பட்டியலைச் சொல்லிவிட்டு ‘எவ்ரிதிங்’ என்று தொகுத்தால், தொகுத்த சொல்லுக்கே வினை கட்டுப்படும். மழையில் கூரை ஒழுகிய அன்று, “தி டேபிள்ஸ், தி சேர்ஸ், தி ஃபேன்ஸ், எவ்ரிதிங் வாஸ் வெட்.”

‘வித்’ என்றால் ‘ஓடு’

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் இதை ஒரு விதியாகச் சொல்லி மனப்பாடம் செய்யச் சொல்லும். தமிழ் தெரிந்தவர்களுக்கு மனப்பாடமே தேவையில்லை.

அப்பாவும் அம்மாவும் வந்தார்கள்.
அப்பா அம்மாவோடு வந்தார்.

வந்தவர்கள் இரண்டு முறையும் அதே இரண்டு பேர்தான். ஆனால் முதல் வரியில் வினை பன்மை. இரண்டாவதில் அப்பா ஒருவருக்கு மட்டும் உரிய வினை. ‘ஓடு’, ‘உடன்’ சேர்ந்தவர் எழுவாயின் பக்கத்தில் நிற்கிறாரே தவிர, எழுவாயாக மாட்டார். “அப்பா அம்மாவோடு வந்தார்கள்” என்று அப்பாவுக்கு மரியாதை கொடுத்துச் சொல்லும் வீடுகள் உண்டு. அது மரியாதைப் பன்மை, இரண்டு பேரை எண்ணிச் சொன்ன பன்மை அல்ல. ‘தம்பி அக்காவோடு வந்தான்’ என்று வைத்துப் பார்த்தால் ஐயமே இருக்காது.

ஆங்கிலத்தில் ‘வித்’, ‘டுகெதர் வித்’, ‘அலாங் வித்’, ‘அஸ் வெல் அஸ்’, ‘இன் அடிஷன் டு’, ‘இன்க்ளூடிங்’ எல்லாம் இந்த ‘ஓடு’ குடும்பம்.

“தி லோரி டிரைவர், அலாங் வித் ஹிஸ் டூ ஹெல்பர்ஸ், இஸ் வெயிட்டிங் அவுட்சைட்.” வெளியே மூன்று பேர் நிற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் வாக்கியம் லோரி ஓட்டுநரைப் பற்றியது. உதவியாளர்கள் இருவரும் ‘ஓடு’ போட்டு வந்தவர்கள். மூவரையும் சமமாக எண்ண விரும்பினால் ‘அண்ட்’ போடுங்கள்: “தி லோரி டிரைவர் அண்ட் ஹிஸ் டூ ஹெல்பர்ஸ் ஆர் வெயிட்டிங் அவுட்சைட்.”

‘அஸ் வெல் அஸ்’ஸை மாணவர்கள் மிகவும் விரும்புகிறார்கள். கட்டுரைக்கு ஒரு கனம் வருகிறது என்று நினைத்து ‘அண்ட்’ வர வேண்டிய இடத்திலெல்லாம் போடுகிறார்கள். வினையை மட்டும் ‘அண்ட்’டுக்குரிய பன்மையிலேயே விட்டுவிடுகிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன்: தொடக்கத்தில் ஓராண்டுக்கு எழுவாய்ப் பட்டியலில் ‘அஸ் வெல் அஸ்’ வேண்டவே வேண்டாம். ‘அண்ட்’ எளிமையானது, தெளிவானது. தேர்வுத்தாள் திருத்துகிறவர் அதை யாரிடமும் குறையாக எண்ணமாட்டார்.

‘தேர் இஸ்’, ‘தேர் ஆர்’

மேசை ஒன்று, நாற்காலி நான்கு. அறையில் இருப்பதை எழுத வேண்டும்.

“தேர் இஸ் எ டேபிள் அண்ட் ஃபோர் சேர்ஸ் இன் தி ரூம்.”
“தேர் ஆர் எ டேபிள் அண்ட் ஃபோர் சேர்ஸ் இன் தி ரூம்.”

எது சரி என்று ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இன்னமும் வாதாடுகிறார்கள். கண்டிப்பான இலக்கணப்படி இரண்டாவது சரி. மேசையும் நாற்காலிகளும் சேர்ந்து எழுவாய், ஆகவே பன்மை. ஆனால் ‘ஆர் எ டேபிள்’ என்று அடுத்தடுத்து வரும்போது காதுக்கு உறுத்துகிறது. அதனால் பேச்சிலும், நல்ல எழுத்தாளர்களின் எழுத்திலும்கூட, பட்டியலில் முதலில் நிற்பது ஒருமையாக இருந்தால் ‘இஸ்’ போடும் வழக்கம் பரவலாக உண்டு. இலக்கண நூல்களில் சில இதை ஏற்கின்றன, சில ஏற்பதில்லை.

புதிதாகக் கற்பவர்கள் இந்த வழக்கில் ஏன் சிக்க வேண்டும்? வரிசையை மாற்றுங்கள். பன்மையை முன்னால் கொண்டுவாருங்கள்.

“தேர் ஆர் ஃபோர் சேர்ஸ் அண்ட் எ டேபிள் இன் தி ரூம்.”

கண்டிப்பானவருக்கும் இது சரி. காதுக்கும் இது சரி. இன்னொரு வழி, ‘தேர்’ஐயே விட்டுவிடுவது: “தி ரூம் ஹேஸ் எ டேபிள் அண்ட் ஃபோர் சேர்ஸ்.” எழுவாய் அறை, ஒருமை, சண்டையே இல்லை. எல்லாப் பொருளும் ஒவ்வொன்றாக இருந்தால், அதாவது ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி என்றால், இந்த ‘ஹேஸ்’ வழிதான் எனக்குப் பிடித்தது.

எஸ்.பி.எம். ஆங்கிலத்துக்கு, அதாவது 1119 என்ற எண்ணுள்ள பாடத்துக்கு, வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள்கள். பேச்சுத் தேர்வில் அடுத்த பொருள் என்ன என்று தெரியாமலே வாயைத் திறக்கிறோம். முதல் பொருளைப் பார்த்து ‘தேர் இஸ்’ என்று தொடங்கினால் பதற்றப்பட வேண்டாம், தொடர்ந்து பேசுங்கள். எழுத்துத் தாளில் திரும்பிப் பார்க்க நேரம் உண்டு. அங்கே வரிசையை மாற்றாமல் விடுவதற்குக் காரணமே இல்லை. முதல் பகுதியில் ஏறத்தாழ 80 சொற்களில் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதச் சொல்கிறார்கள். முகாமுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும், ஊரில் என்னென்ன பார்க்கலாம் என்று எழுத நேர்ந்தால் ‘தேர்’ வராமல் இருக்காது. எழுதி முடித்ததும் ‘தேர்’ வரும் இடங்களை மட்டும் தனியாக ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள்.

அந்தப் பெண்ணின் ‘என்க்ளோஸ்ட் இஸ்’ இதே குடும்பம். வினை முன்னால், பட்டியல் பின்னால். இதற்கு என்னிடம் ஒரே மருந்துதான் உண்டு: வாக்கியத்தைத் திருப்பிப்போட்டுப் படிப்பது. “மை சர்டிபிகேட், டூ ஃபோட்டோகிராஃப்ஸ் அண்ட் எ காப்பி ஆஃப் மை ஐ.சி. ஆர் என்க்ளோஸ்ட்.” திருப்பியதும் ‘ஆர்’ தானாக வந்துவிடுகிறது. பிறகு வேண்டுமானால் பழையபடி முன்னால் கொண்டுபோய் “என்க்ளோஸ்ட் ஆர்” என்று எழுதலாம். மின்னஞ்சலில் ‘அட்டாச்ட்’ என்று தொடங்குகிறவர்களுக்கும் இதே மருந்து.

‘ஆர்’ என்ற இணைப்புச் சொல்

‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ வேறு, வினையாகிய ‘ஆர்’ வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கவனம். ‘ஐதர்… ஆர்’, ‘நெய்தர்… நார்’ வரும் வாக்கியத்தில் வினைக்கு அருகில் நிற்பவர் சொல்வதே நடக்கும். “நெய்தர் தி மண்டோர் நார் தி ஒர்க்கர்ஸ் ஹேவ் தி கீ.” தொழிலாளர்கள் அருகில் நிற்கிறார்கள், பன்மை. இடம் மாற்றினால், “நெய்தர் தி ஒர்க்கர்ஸ் நார் தி மண்டோர் ஹேஸ் தி கீ.” இங்கே மட்டும் பன்மையைப் பின்னால், வினைக்கு அருகில், வைத்து எழுதுவதே காதுக்கு இனிமை.

ஆங்கிலம் அருகில் நிற்பவருக்கு இடம் கொடுக்கிறது. நம் நன்னூல், உயர்திணையும் அஃறிணையும் கலந்து அடுக்கினால் சிறப்போ மிகுதியோ இழிவோ பார்த்து வினையை முடிக்கலாம் என்கிறது. ‘திங்களும் சான்றோரும் ஒப்பர்’ என்ற நாலடியார் வரியில் நிலவும் சான்றோரோடு சேர்ந்து உயர்திணை முடிவு பெற்றுவிடுகிறது. பொருள்களை அடுக்கும்போது வினை யார் பக்கம் சாயும் என்ற கேள்வியை நம் முன்னோர்களும் கேட்டு, விடையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் விடை வேறு, கேள்வி ஒன்றுதான். இதைச் சொன்னபோது என் மாணவர்களின் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்திருக்கிறேன்.

பின்னால் வரும் பட்டியலைப் பார்க்காதீர்கள்

“மை ஃபேவரிட் ஃபூட் இஸ் இட்லி, தோசை அண்ட் வடை.” இங்கே ‘இஸ்’ சரி. மூன்று பலகாரம் பின்னால் வரிசையாக நின்றாலும் எழுவாய் ‘ஃபூட்’. வினை தன் எழுவாயைத்தான் பார்க்கும். “தி பிக்கஸ்ட் ப்ராப்ளம் ஆன் அவர் ரோட் இஸ் பாட்ஹோல்ஸ், ஸ்ட்ரே கௌஸ் அண்ட் ஹெவி லோரிஸ்.” எழுவாய் ஒரே பிரச்சினை, ஆகவே ‘இஸ்’. இலக்கணம் சரிதான், ஆனால் மூன்று பிரச்சினையை ஒன்று என்று சொல்வது எனக்கு நிறைவாக இல்லை. “தி பிக்கஸ்ட் ப்ராப்ளம்ஸ் ஆன் அவர் ரோட் ஆர்…” என்று எழுவாயையே பன்மையாக்கிவிடச் சொல்வேன். பொருளும் இலக்கணமும் அப்போது ஒரே பக்கம் நிற்கும்.

முக்காற்புள்ளி போட்டுப் பட்டியல் தரும்போது “தி ஃபாலோயிங் ஐட்டம்ஸ் ஆர் மிஸ்ஸிங்” என்று எழுதுங்கள். ‘அஸ் ஃபாலோஸ்’ மட்டும் எப்போதும் ‘எஸ்’ஸோடுதான் இருக்கும், பின்னால் பத்துப் பொருள் வந்தாலும் அது ‘அஸ் ஃபாலோ’ ஆகாது. பணம், தூரம், நேரம் மொத்தத் தொகையாக வந்தால் ஒருமை: “டென் ரிங்கிட் இஸ் இனஃப்.” பத்து வெள்ளி போதும் என்று நாமும் ஒன்றாகத்தானே சொல்கிறோம்.

‘ஃபர்னிச்சர்’, ‘ஸ்டேஷனரி’, ‘எக்விப்மென்ட்’ மூன்றுக்கும் ‘எஸ்’ சேர்க்காதீர்கள். கடை முழுவதும் நாற்காலி மேசையாக நிறைந்திருந்தாலும் “தி ஃபர்னிச்சர் இஸ் நியூ” என்பதே சரி.

ஸ்டோர் கணக்கிலிருந்து ஐந்து வரி

கோடிட்ட இடத்தை நிரப்பிப் பாருங்கள். விடையைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். காரணம் எழுத வராவிட்டால் அந்தப் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

“எ பண்டில் ஆஃப் ரோப்ஸ் ____ அண்டர் தி டேபிள்.”
“டூ பக்கெட்ஸ் அண்ட் எ நைஃப் ____ மிஸ்ஸிங்.”
“தி கிளார்க், டுகெதர் வித் த்ரீ ஒர்க்கர்ஸ், ____ செக்கிங் தி ஸ்டோர்.”
“ஈச் பக்கெட் அண்ட் ஈச் நைஃப் ____ எ நம்பர்.”
“பிஹைண்ட் தி டோர் ____ எ லேடர் அண்ட் சிக்ஸ் எம்ட்டி டிரம்ஸ்.”

முதலாவது ‘இஸ்’, கயிறுகள் பல, கட்டு ஒன்று. இரண்டாவது ‘ஆர்’; எண்ணும்மை. நான் சிவப்பு வட்டம் வாங்கிய வாக்கியத்தின் தம்பி இது. மூன்றாவது ‘இஸ்’, மூன்று தொழிலாளர்களும் ‘ஓடு’ போட்டு வந்தவர்கள். நான்காவது ‘ஹேஸ்’. ஐந்தாவதில் வினை முன்னால் நிற்கிறது. திருப்பிப்போட்டால் “எ லேடர் அண்ட் சிக்ஸ் எம்ட்டி டிரம்ஸ் ஆர் பிஹைண்ட் தி டோர்” என்று வரும், ஆகவே ‘ஆர்’. அப்படியே எழுதினால் ‘ஆர் எ லேடர்’ என்று உறுத்தும் என்று நினைத்து, “சிக்ஸ் எம்ட்டி டிரம்ஸ் அண்ட் எ லேடர்” என்று வரிசையை மாற்றியவர்களுக்கு நான் முழு மதிப்பெண்ணோடு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுவேன்.

இதன் பிறகு வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. இரவில் அடுக்களை அலமாரியின் ஒரு தட்டைத் திறந்து, அதில் இருப்பதை நான்கு வாக்கியங்களாக எழுதுங்கள். ஒன்று ‘அண்ட்’டோடு, ஒன்று ‘டுகெதர் வித்’தோடு, ஒன்று ‘தேர்’ஓடு, ஒன்று ‘ஆஃப்’போடு. மறுநாள் வேறு தட்டு. இரண்டு வாரம் விடாமல் செய்தவர்களின் கடிதங்களில் இந்தத் தவறு வெகுவாகக் குறைந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அம்மாக்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யலாம். சாமான்களின் பெயர் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அந்தப் பெண் அன்றைக்கே என் மேசையில் உட்கார்ந்து கடிதத்தைப் புதிதாக எழுதினாள். ‘என்க்ளோஸ்ட் ஆர்’ என்று திருத்தி முடித்தவள், பேனாவை வைக்காமல் முதல் பத்திக்குத் திரும்பிப் போனாள். அங்கே “மை க்ராண்ட்மதர், டுகெதர் வித் மை டூ பிரதர்ஸ், லிவ் வித் மீ” என்று இருந்தது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாட்டி தம்பிகளோடு இருக்கிறார்” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ‘லிவ்’வுக்குப் பக்கத்தில் ஓர் ‘எஸ்’ஸைச் சேர்த்தாள்.